ஒளியின் வழியை அளந்த பொறியாளர் அகஸ்டின் பிரெனெல்



நீர் நிரம்பிய வாளியில் ஒரு குச்சியைச் சாய்வாக நிறுத்தினால், அது நீர்மட்டத்தில் முறிந்தாற்போலத் தோன்றும். காற்றிலிருந்து நீருக்குள் புகும்போதும் நீரிலிருந்து காற்றுக்கு வரும்போதும் ஒளிக்கதிர் தன் வழியினின்று திரும்புவதால் இது நிகழ்கின்றது என்றும், இதற்கு ஒளிவிலகல் என்று பெயர் என்றும் அறிவியல் பாடத்தில் படிக்கின்றோம். ஆனால் இதனை ஒட்டிய மற்றொரு காட்சியைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. குளக்கரையில் நின்று காலடி நீரைக் குனிந்து நோக்கினால், அடியிலுள்ள கூழாங்கற்களும் சிறு மீன்களும் தெளிவாகத் தெரிகின்றன. தலையை நிமிர்த்தி அக்கரைப் பக்கத்து நீரை நோக்கினாலோ மீனையும் காணோம், கல்லையும் காணோம். மரங்களும் வானமும் தலைகீழாக மிதக்கின்றன. குளம் ஒன்றுதான், அதன்மேல் உள்ள காற்றும் ஒன்றுதான். அவ்வாறிருக்க, ஓரிடத்தில் பலகணியைப் போலவும் ஓரிடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலவும் நீர் நடந்துகொள்வது ஏன்?

இவ்வினாவுக்குக் கணக்கோடு கூடிய விடையை உலகுக்கு வழங்கியவர் பிரான்சு நாட்டுச் சாலைப் பொறியாளர் ஒருவர். அகஸ்டின் பிரெனெல் என்பது அவர் பெயர். (உரோமன் எழுத்தில் எழுதும்போது அப்பெயரின் நடுவே ஓர் எஸ் வரும், பிரெஞ்சு மக்கள் அதனை ஒலிப்பதில்லை.) நியூட்டனையும் எடிசனையும் அறிந்த அளவிற்கு நம் மாணவர்கள் இவரை அறியார். ஆதலால் இம்மலரில் இவர்தம் வரலாற்றைச் சற்று விரிவாகவே எழுத விழைகின்றோம்.

பிரெனெல் 1788-ஆம் ஆண்டு மே திங்கள் 10-ஆம் நாள் நார்மண்டிப் பகுதியிலுள்ள புரோக்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கட்டடக் கலைஞர். நான்கு ஆண்மக்களில் இவர் இரண்டாமவர். மறு ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. செர்பூர் துறைமுகக் கட்டுமானத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த தந்தையார் அப்பணி தடைப்பட்டதால், 1794-இல் குடும்பத்துடன் கான் நகருக்கு அருகிலுள்ள மாத்தியூ என்னும் ஊரில் குடியேறினார். கடவுட்பற்றும் கண்டிப்பும் மிகுந்த அக்குடும்பத்தில் பெற்றோரே பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாகவும் இருந்தனர்.

அகஸ்டின் படிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தார். எட்டு அகவையாகியும் அவருக்குச் சரிவரப் படிக்க வரவில்லை. மொழிப்பாடங்களை மனப்பாடம் செய்வது அவருக்குப் பெருந்துன்பமாக இருந்தது. அண்ணன் லூயியோ கெட்டிக்காரர். இத்தகைய வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து வீடுகளிலும் அதே பேச்சுத்தான் நடக்கின்றது. ஆனால் ஊர்ச் சிறுவர்கள் அகஸ்டினை வேறு கண்கொண்டு பார்த்தார்கள். மரக்கிளைகளைக் கொண்டு விளையாட்டுத் துப்பாக்கிகளும் விற்களும் செய்வதில் அவருக்கு நிகரில்லை. எந்தக் கிளை நன்றாக வளையும், பச்சை மரம் நல்லதா காய்ந்த மரம் நல்லதா என்று அவர் ஆராய்ந்து செய்த விற்கள் பொம்மை நிலையைக் கடந்து உண்மைக் கருவிகளாகவே ஆகிவிட்டன. பெரியவர்கள் அஞ்சி அவற்றைத் தடை செய்தனர். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையின் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதையும் ஆசிரியர்களாகிய நாம் சற்றுப் பார்க்கத்தான் வேண்டும்.

பதின்மூன்றாம் அகவையில் கான் நகரப் பள்ளியிலும், 1804-இல் பாரிசிலுள்ள புகழ்பெற்ற பாலிடெக்னிக் கல்லூரியிலும் சேர்ந்தார். வடிவகணிதமும் வரைகலையும் அவருக்கு எளிதில் வந்தன. உடல்நலம் மட்டும் தொடக்கமுதலே நன்றாக இல்லை. பின்னர்ப் பாலங்கள், சாலைகள் துறைக்குரிய கல்லூரியில் பயின்று 1809-இல் அரசாங்கப் பொறியாளரானார். அதே ஆண்டில் அண்ணன் லூயி ஸ்பெயின் நாட்டுப் போரில் மடிந்தார்.

பொறியாளர் என்றதும் பெருமையான வாழ்வு என்று எண்ணிவிட வேண்டா. ஊர் ஊராகச் சென்று சாலைக்கு மண் அள்ளுவோரை மேற்பார்வையிடுவதும், கணக்கு எழுதுவதும், கூலியாட்களை அதட்டி வேலை வாங்குவதுமே அவர் பணி. மென்மையான இயல்புடைய பிரெனெலுக்கு அப்பணியில் அறவே விருப்பமில்லை. எனினும் குறையின்றிச் செய்தார். 1812-இல் தென்பகுதியிலுள்ள நியோன் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். ஸ்பெயினையும் இத்தாலியையும் இணைக்கும் நெடுஞ்சாலை அப்போது அவ்வழியாக அமைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. நூலகமோ ஆய்வுக்கூடமோ உரையாடுதற்கு ஓர் அறிஞரோ இல்லாத அவ்வூரில், வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில் ஒளியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார்.

ஒளி என்பது யாது? ஒளி மிக நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்பது நியூட்டனின் கொள்கை. அவர் 1727-இல் மறைந்த பின்னரும் அக்கொள்கையே அறிஞர் மன்றங்களில் ஆட்சி செலுத்தியது. ஒளி ஓர் அலை என்று ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் 1690-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருந்தார். இங்கிலாந்தின் தாமஸ் யங் 1801-ஆம் ஆண்டையொட்டி அதனையே வலியுறுத்தியபோது ஏளனமே மிஞ்சியது. நியோனில் இருந்த பிரெனெலுக்கு யங்கின் ஆய்வுகள் தெரியா. துகள் கொள்கை மனத்திற்குப் பொருந்தவில்லை என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்தது.

இந்நிலையில் 1815 மார்ச்சில் எல்பாத் தீவினின்று தப்பிய நெப்போலியன் பிரான்சுக்குத் திரும்பினான். மன்னர் பதினெட்டாம் லூயியின் பக்கம் நின்ற பிரெனெல், நோயுற்ற உடலோடு சென்று எதிர்ப்புப் படையில் சேர்ந்தார். அதனால் வேலை பறிபோயிற்று. காவல் துறையின் கண்காணிப்பிலும் வைக்கப்பட்டார். பாரிஸ் வழியாகத் தாயார் இருந்த மாத்தியூவுக்குத் திரும்புகையில், வானியலறிஞர் அராகோவைக் கண்டார். அராகோ படிக்க வேண்டிய சில நூல்களின் பெயர்களைத் தந்தார். அவற்றுள் யங்கின் எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது; பிரெனெலுக்கோ ஆங்கிலம் தெரியாது.

நூல் படிக்க இயலாதவர் சோதனை செய்யத் தொடங்கினார். அதற்கும் கருவியில்லை. கதிரவன் ஒளியை ஒரு நுண்புள்ளியாகக் குவிப்பதற்கு மிகக் குறுகிய குவியமுடைய வில்லை தேவைப்பட்டது. செப்புத் தகட்டில் சிறு துளையிட்டு அதில் ஒரு துளித் தேனை நிறுத்தினார். உருண்டு நின்ற அத்தேன்துளியே வில்லையாயிற்று! கருவிகளைத் தாங்கும் சட்டங்களை ஊரிலிருந்த பூட்டுக் கொல்லர் செய்து கொடுத்தார். நுண்ணளவு காணும் கருவியையும் பிரெனெல் தாமே ஒருவாறு அமைத்துக்கொண்டார்.

அவ்வொளிப் புள்ளிக்கு முன்னே மெல்லிய கம்பி ஒன்றை நிறுத்தி அதன் நிழலை நோக்கினார். நிழல் முழுவதும் இருண்டிருக்க வேண்டும் அன்றோ? அவ்வாறில்லை. நிழலுக்குள்ளேயே வெளிச்சக் கோடுகளும் இருட்டுக் கோடுகளும் மாறி மாறித் தோன்றின. கம்பியின் ஒரு விளிம்பில் கறுப்புத் தாளை ஒட்டி அப்பக்கத்து ஒளியைத் தடுத்தார். உடனே நிழலுக்குள் இருந்த கோடுகள் அனைத்தும் மறைந்தன. ஆகவே அக்கோடுகளுக்கு இருபுறத்து ஒளியும் வேண்டும். ஒரு பக்கத்து ஒளியோடு மறு பக்கத்து ஒளி சேருமிடத்தில் சில இடங்களில் வெளிச்சம் மிகுகின்றது. சில இடங்களில் இருட்டு உண்டாகின்றது. துகளும் துகளும் சேர்ந்தால் கூடுதல் துகள்கள்தாமே இருக்க வேண்டும்? ஒளியும் ஒளியும் சேர்ந்து இருட்டாவது எங்ஙனம்? அலையாக இருந்தால் இயலும். ஓர் அலையின் மேடு மற்றோர் அலையின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் அடங்கிவிடும். குளத்தில் இரு கற்களை எறிந்து இதனைப் பார்க்கலாம்.

இவ்வுண்மையை யங் முன்னரே கண்டிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்த பிரெனெல், முதன்மைக்குரிய பெருமையை அவருக்கே தயங்காமல் அளித்தார். ஆயினும் அலைகள் எவ்விடத்தில் எத்துணை வலிமையோடு சேரும் என்பதை முழுமையாகக் கணக்கிட்டுக் காட்டியவர் பிரெனெலே.

நெப்போலியன் வீழ்ந்தபின் வேலை திரும்பக் கிடைத்தது. மீண்டும் சாலை, மீண்டும் கணக்கேடு. கிடைத்த விடுப்புகளிலெல்லாம் ஆய்வு செய்தார். 1818-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் நடத்திய பரிசுப் போட்டிக்குத் தம் கட்டுரையை அனுப்பினார். நடுவர்கள் ஐவருள் லப்லாஸ், பியோ, புவாசோன் ஆகிய மூவரும் துகள் கொள்கையினர். அவர்களுள் கணித மேதையான புவாசோன் பிரெனெலின் கணக்கை ஆழ்ந்து படித்து அதில் ஒரு விந்தையைக் கண்டுபிடித்தார். இக்கணக்கு உண்மையாயின், வட்டமான சிறு தட்டு ஒன்றின் நிழலின் நட்டநடுவே ஓர் ஒளிப்புள்ளி இருந்தாக வேண்டும். நிழலின் நடுவில் வெளிச்சமா, இது நடவாத செயல் என்பது அவர் வாதம். அராகோ வாதாடிக்கொண்டிராமல், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத்தகட்டை மெழுகினால் கண்ணாடியில் ஒட்டிச் சோதித்துப் பார்த்தார். நிழலின் நடுவே ஒளிப்புள்ளி இருந்தது. 1819-இல் பரிசு பிரெனெலுக்கு வழங்கப்பட்டது. எதிர்க்க வந்தவரின் பெயராலேயே அது இன்றும் புவாசோன் புள்ளி எனப்படுகின்றது.

இனி, நாம் தொடக்கத்தில் கேட்ட குளக்கரை வினாவுக்கு வருவோம்.

காற்றினின்று நீருக்குள் புகும் ஒளி எத்திசையில் திரும்பும் என்பதற்குரிய விதி பிரெனெலுக்கு நெடுங்காலம் முன்னரே தெரிந்திருந்தது. 984-ஆம் ஆண்டளவில் பாக்தாதில் இபுனு சாஹ்ல் என்னும் அறிஞர் அதனை எழுதிவைத்தார். 1621-இல் ஹாலந்து நாட்டு ஸ்னெல் மீண்டும் கண்டார். காற்றில் ஒளி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கின்றது. நீரில் 2,25,000 கிலோமீட்டரே செல்கின்றது. விளையாட்டுப் போட்டியன்று கைகோத்து வரிசையாக அணிநடை செல்லும் மாணவர்கள், கெட்டித் தரையிலிருந்து சேற்றுத் தரைக்குள் சாய்வாக நுழைவதாகக் கொள்வோம். முதலில் சேற்றில் இறங்கியவர் வேகம் குறையும். இன்னும் தரையில் இருப்பவர் அதே வேகத்தில் வருவார். வரிசை முழுவதும் தானாகவே திரும்பிவிடும். ஒளி அலையும் இவ்வாறே திரும்புகின்றது. நீரில் ஒளி மெதுவாகச் செல்ல வேண்டும் என்பது அலைக்கொள்கை. நீரில் விரைவாகச் செல்ல வேண்டும் என்பது துகள் கொள்கை. இவ்விரண்டில் எது மெய் என்று அளந்து பார்க்கும் கருவி பிரெனெலின் காலத்தில் இல்லை.

திசை தெரிந்தது சரி. எவ்வளவு ஒளி உள்ளே போகும், எவ்வளவு திரும்பி வரும்? இதற்குரிய பொதுவிதியைத்தான் பிரெனெல் தேடினார். அதற்கு முன்னர் வேறொன்று தெளிவாக வேண்டியிருந்தது. ஒலியலை தான் செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அதிர்வது. ஒளியும் அவ்வாறே என்று அலைக்கொள்கையினர் கருதி வந்தனர். ஆட்டிய கயிற்றில் ஓடும் அலையைப் போல, ஒளி தான் செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்கின்றது என்று பிரெனெல் 1821-இல் துணிந்து கூறினார். அராகோவே இவ்விடத்தில் தயங்கிப் பின்வாங்கினார். பிரெனெல் தனித்து நின்றார். பிற்கால ஆய்வுகள் அனைத்தும் அவர் கூற்றையே உறுதிப்படுத்தின.

கயிறு இழுக்கும் போட்டிக்குரிய தடித்த கயிற்றின் முனையில் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, மெல்லிய கயிற்றை ஓர் உதறு உதறினால், அலை ஓடிச் சென்று முடிச்சை அடைந்ததும் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி தடித்த கயிற்றில் தொடர்ந்து செல்லும். மறு பகுதி வந்த வழியே திரும்பும். காற்றும் நீரும் கூடும் எல்லை அம்முடிச்சினைப் போன்றது. பிரெனெல் இரு கட்டளைகளை வகுத்துக்கொண்டார். முடிச்சின் இருபுறமும் அதிர்வு ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். வந்த ஆற்றல், திரும்பியதும் உள்ளே சென்றதும் சேர்ந்த அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். இவற்றைக் கொண்டு, நீர்மட்டத்திற்கு இணையாக அதிரும் ஒளிக்கு ஒன்றும், அதற்குச் செங்குத்தான தளத்தில் அதிரும் ஒளிக்கு ஒன்றுமாக இருவகைச் சமன்பாடுகளை அமைத்து 1823 சனவரியில் கழகத்தின் முன் வைத்தார்.

அச்சமன்பாடுகளின்படி, நேர் மேலிருந்து நீரின்மீது விழும் ஒளியில் நூற்றில் 2 பங்கே திரும்புகின்றது. 98 பங்கு உள்ளே செல்கின்றது. காலடியில் மீன் தெரிவது இதனால்தான். செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்து விழுந்தால் 6 பங்கு திரும்பும். 80 பாகை சாய்ந்தாலோ 35 பங்கு திரும்பிவிடும். மேலும் சாயச் சாய ஏறக்குறைய முழுவதுமே திரும்பும். அக்கரை நீரில் வானம் மிதப்பது இதனால்தான். கண்ணாடிப் பலகையின் ஒரு முகத்தில் நேராக விழும் ஒளியில் 4 பங்கு திரும்பும். பலகைக்கு இரு முகம் உண்டு. மூன்று பலகைகளை இடைவெளிவிட்டு அடுக்கினால் ஆறு எல்லைகள். ஒவ்வோர் எல்லையிலும் சிறிது திரும்பி, திரும்பியது மீண்டும் திரும்பி, முடிவில் ஏறத்தாழ 80 பங்கே மறுபுறம் வந்து சேரும். எத்தனை அடுக்குகள் இருப்பினும் எல்லைக்கு எல்லை இவ்விதியைப் பொருத்திக்கொண்டே போக வேண்டியதுதான். கேமரா வில்லைகளின்மேல் மெல்லிய பூச்சுகளை அடுக்குவோரும், கணினியில் கடல் நீரின் பளபளப்பை வரைவோரும் இன்றளவும் இச்சமன்பாடுகளையே நாடுகின்றனர்.

ஈதர் என்னும் நுண்பொருள் எங்கும் நிறைந்திருக்கின்றது, ஒளி அதன் அதிர்வு என்று பிரெனெல் நம்பினார். அப்படியொரு பொருள் தேவையில்லை என்று பின்னாளில் தெளிவாயிற்று. ஒளி மின்காந்த அலை என்று மாக்ஸ்வெல் நிறுவியபின், 1875-இல் லாரென்ஸ் அப்புதிய வழியில் கணக்கிட்டபோது வந்தவையும் பிரெனெலின் சமன்பாடுகளே. நம்பிய பொருள் மறைந்தும் அதன்மேல் கட்டிய கணக்கு நிற்பது, அறிவியல் வரலாற்றில் எமக்கு மிகவும் வியப்பளிக்கும் செய்திகளுள் ஒன்று.

இவ்வளவும் நடந்த காலத்தில் பிரெனெல் மற்றொரு பெரும்பணியிலும் ஈடுபட்டிருந்தார். 1819 சூனில் அராகோவின் பரிந்துரையால் அவர் கலங்கரை விளக்கக் குழுவில் அமர்த்தப்பட்டார். அக்காலத்தில் பிரான்சின் கடற்கரை மாலுமிகளுக்கு எமனாக விளங்கியது. விளக்குகள் சிலவே, இருந்தனவும் மங்கலானவை. எண்ணெய் விளக்கின் பின்னால் உலோக ஆடிகளை நிறுத்தி ஒளியைக் கடலை நோக்கித் திருப்புவர். அவ்வாடிகள் ஒளியில் பாதியளவைத் தாமே விழுங்கிவிட்டன. புயலும் மூடுபனியும் சூழ்ந்த இரவில் எஞ்சிய பாதி எத்துணைத் தொலைவு செல்லும்?

உலோக ஆடிக்கு மாறாகக் கண்ணாடி வில்லையைப் பயன்படுத்தலாம் என்றார் பிரெனெல். கண்ணாடியின் இரு முகங்களிலும் சேர்ந்து இழப்பது நூற்றில் 8 பங்குக்கு மேல் இல்லை. ஆனால் ஓராள் உயரத்திற்கு வில்லை செய்தால் நடுப்பகுதி மிகத் தடித்துவிடும். அதன் பளுவைத் தாங்குவது அரிது. குறையின்றி வார்ப்பதும் அரிது. தடித்த கண்ணாடி ஒளியையும் விழுங்கும். இவ்விடத்தில்தான் எல்லையைப் பற்றிய அறிவு துணை நின்றது. ஒளி திரும்புவது காற்றும் கண்ணாடியும் கூடும் முகத்தில் மட்டுமே. உள்ளே கண்ணாடியின் வயிற்றில் அது நேர்க்கோட்டில்தான் செல்கின்றது. அங்ஙனமாயின் வயிற்றுக் கண்ணாடி எதற்கு? அதனை நீக்கிவிட்டு, வளைந்த முகத்தை மட்டும் வளையம் வளையமாக வெட்டிப் படிக்கட்டு வரிசைபோல் அடுக்கினால் போதும். அக்காலத்தில் ஒரு பெரும் கண்ணாடியாகச் செய்ய இயலாததால், சிறு சிறு முப்பட்டகத் துண்டுகளைத் தனித்தனியே தேய்த்து ஒட்டிச் சட்டத்தில் பொருத்தினர். பிரெனெலுக்கு முன்னரே புஃபோன் முதலியோர் இத்தகைய வில்லையைப் பற்றி எழுதியிருந்தனர். ஆனால் அதனைக் கலங்கரை விளக்கத்திற்கெனக் கணக்கிட்டு, செய்து, கோபுரத்தில் ஏற்றியவர் இவரே. முன்னாளில் பள்ளிகளில் இருந்த ஓவர்ஹெட் புரொஜெக்டரின் மேற்பலகையில் நுண்ணிய வட்டக் கோடுகளைப் பார்த்த பெற்றோர்கள் இருப்பீர்கள். அது பிரெனெல் வில்லையே.

1822 ஆகஸ்டு 20-ஆம் நாள், பாரிசில் கட்டி முடிவுறாதிருந்த வெற்றி வளைவின் உச்சியில் புதிய விளக்கை ஏற்றிச் சோதித்தனர். 32 கிலோமீட்டர் தொலைவில் மன்னர் பதினெட்டாம் லூயியும் குழுவினரும் நின்று அதனைக் கண்டனர். அடுத்த ஆண்டு அவ்விளக்கு கோர்துவான் கலங்கரைக் கோபுரத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. ஜிரோந்து ஆறு அட்லாண்டிக் மாகடலில் கலக்குமிடத்தில், நீர் நடுவே பாறைமேல் நிற்கும் கோபுரம் அது. 1611-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஒளிக்குக் கணக்கெழுதிய அறிஞர் அக்கோபுரத்தின் உச்சியில் நின்று, கண்ணாடித் துண்டுகள் பலவற்றைத் தம் கைகளாலேயே பொருத்தினார். 1823 சூலை 25 இரவு முதல் பிரெனெல் விளக்கு கடலைப் பார்த்து ஒளி வீசியது. கண்ணுக்கெட்டும் தொடுவானம் வரை, 32 கிலோமீட்டருக்கும் அப்பால் அது தெரிந்தது.

அந்நாள்களில்தான் அவர் இருமும்போது குருதி வெளிப்படத் தொடங்கியது. காசநோய். அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை.

அவ்வாண்டு மே திங்களில் அறிவியல் கழகம் அவரை ஒருமனதாக உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது. 1825-இல் இலண்டன் இராயல் கழகமும் அயல்நாட்டு உறுப்பினராக்கியது. பட்டங்களைப் பற்றி இதற்குமேல் எழுதத் தேவையில்லை. எஞ்சிய சில ஆண்டுகளை எதற்குச் செலவிடுவது என்பதே அவர்முன் நின்ற கேள்வி. ஒளியைப் பற்றி எழுதி முடிக்காத கட்டுரைகள் ஒருபுறம். இருண்ட கடற்கரை மறுபுறம். பாலிடெக்னிக் கல்லூரியில் தேர்வாளராக இருந்து வருவாய் பெற்றுவந்தார். நாள் முழுதும் அமர்ந்து மாணவர்களைச் சோதிக்கும் அவ்வேலை உடலை உருக்கியதால் 1824 இறுதியில் அதனை விட்டார். ஆய்வுகளையும் ஒதுக்கினார். கலங்கரை விளக்கக் குழுவின் செயலாளர் பணியை மட்டும் விடவில்லை. 1825-இல் பிரான்சின் கடற்கரை முழுவதற்கும் 51 கலங்கரை விளக்கங்கள் கொண்ட திட்டத்தை வரைந்தார். அண்டை விளக்கோடு மயங்காதவாறு ஒன்று நிலையாக எரியவும், மற்றொன்று நிமிடத்திற்கு ஒருமுறை மின்னவும், வேறொன்று இருமுறை மின்னவும் வகை செய்தார். இருட்டில் தத்தளிக்கும் மாலுமி, விளக்கு மின்னும் முறையைக் கொண்டே தான் இருக்குமிடத்தை அறிந்துகொள்ளலாம்.

எமக்குத் தோன்றுவதைக் கூறுகின்றோம். மேலும் இருபது ஆண்டுகள் அவர் ஆய்வில் இருந்திருந்தால் ஒளியியல் எவ்வளவோ முன்னேறியிருக்கும் என்று வருந்தும் அறிஞர்கள் உண்டு. அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் பாறையில் மோதாது கரை சேர்ந்த மாலுமிகளின் பிள்ளைகளைக் கேட்டால் வேறு விடை கூறுவர்.

1827 சூன் தொடக்கத்தில் நோய் முற்றியதால், பாரிசுக்கு அருகிலுள்ள வில்-தாவ்ரே என்னும் ஊருக்கு அவரைக் கொண்டு சென்றனர். தாயார் உடன் வந்து தங்கினார். இராயல் கழகம் அவருக்கு வழங்கிய ரம்போர்டு பதக்கத்தைச் சூலை 6-ஆம் நாள் அராகோ நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு நன்றி தெரிவித்து மடல் எழுதவும் பிரெனெலுக்கு வலிமையில்லை. எட்டு நாள் கழித்து, சூலை 14-இல் காலமானார். அப்போது அவருக்கு 39 அகவை.

1823-இல் அவர் அளித்த சமன்பாட்டுக் கட்டுரை கழகத்தில் எங்கோ தவறிப்போயிருந்தது. கணித அறிஞர் பூரியே மறைந்தபின் அவருடைய தாள்களுக்கிடையே அகப்பட்டு, 1831-இல்தான் முழுமையாக அச்சேறியது. தமையன் விட்டுச்சென்ற கலங்கரைப் பணியை இளவல் லெயோனோர் ஏற்று 1846 வரை நடத்தினார். அவ்விளக்குகள் பிரான்சின் எல்லையைக் கடந்து உலகின் பல கடற்கரைகளுக்கும் பரவின.

ஒளி நீரில் மெதுவாகச் செல்கின்றதா, விரைவாகவா என்னும் வழக்கு மட்டும் தீராமல் கிடந்தது. அதனை அளப்பதற்குச் சுழலும் ஆடியைக் கொண்டு ஒரு வழியை 1838-இல் அராகோ கூறினார். கருவியை அமைப்பதில் ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் அவருடைய கண்பார்வை மங்கிவிட்டது. ஆதலின் அப்பணியை இளையோரிடம் ஒப்படைத்தார். 1850-இல் லெயோன் பூக்கோ என்னும் இளைஞர், காற்றின் வழியாக ஒரு கதிரையும் நீர் நிறைந்த குழாயின் வழியாக ஒரு கதிரையும் செலுத்தி இரண்டையும் ஒப்பிட்டார். நீரின் வழியே சென்ற கதிர் பிந்தியே வந்து சேர்ந்தது. பிரெனெல் மறைந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்செய்தி கேட்டபோது அராகோ ஏறத்தாழப் பார்வை இழந்திருந்தார்.